மீளும் நீரும் மீளா நீரும்

ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றி ஊர் திரும்பிய ஒருவரைக் காணச் செல்கின்றீர்கள். ஸலாம் கூறி, கைகொடுத்து, துஆச் செய்யுமாறு வேண்டி அமர்ந்த சிறிது நேரத்தில் உள்ளிருந்து பேரீச்சம்பழத் தட்டும் ஒரு சிறு பீங்கான் கோப்பையும் வருகின்றன. கோப்பையில் இருப்பது இரண்டு மிடறு நீர். கிப்லாவை முன்னோக்கி, பிஸ்மில்லாஹ் சொல்லி, அந்த இரண்டு மிடற்றையும் மூன்றாகப் பிரித்துப் பருகுகின்றீர்கள். கோப்பையின் அடியில் ஒட்டியிருக்கும் ஈரத்தையும் விடாமல் விரலால் தொட்டுக் கண்களில் தடவிக்கொள்கின்றீர்கள். ஐந்து லிட்டர் கேனில் வந்த அந்நீர் உற்றார் உறவினர் அனைவருக்கும் சென்று சேர வேண்டுமே என்று வீட்டுப் பெண்கள் அதனை வேறு நல்ல நீரில் கலந்து பெருக்குவதும் உண்டு.

நீரை எப்படி மதிப்பது என்று நமக்குத் தெரியவில்லை என எவரும் கூற இயலாது. ஸம்ஸம் என்று பெயர் சொல்லிக் கொடுத்தால் நன்றாகவே தெரிகின்றது. பெயரில்லாமல் குழாயில் வரும்போதுதான் மறந்துவிடுகின்றோம்.

மாணவச் செல்வங்களே! உலகின் நீர் வளம் பற்றி உங்கள் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். எத்தனை விழுக்காடு கடல், எத்தனை விழுக்காடு பனி என்று தேர்வுக்கு மனனம் செய்தும் இருப்பீர்கள். அந்தக் கணக்கைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரே ஒரு நாட்டின் நீர்க் கதையைக் கேளுங்கள். நம் வீடுகளிலிருந்து தந்தையரும் அண்ணன்மாரும் பிழைப்புத் தேடிச் சென்ற நாடு; நாம் ஐவேளையும் முகம் திருப்பும் நாடு. ஆறு என்று ஒன்றுகூட ஆண்டு முழுதும் ஓடாத சவூதி அரேபியாதான் அது.

ஓர் அன்னை விதித்த நிபந்தனை

கதையின் தொடக்கம் நீங்கள் அறிந்ததே. பச்சிளங் குழந்தை இஸ்மாயீல் (அலை) அவர்களுடன் பயிர் பச்சையற்ற பள்ளத்தாக்கில் விடப்பட்ட அன்னை ஹாஜரா (அலை) அவர்கள், தோற்பையின் நீர் தீர்ந்ததும் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை ஓடினார்கள். இன்று இலட்சக்கணக்கான ஹாஜிகள் ஸயீ என்ற பெயரால் ஓடுவது, தண்ணீர் தேடிய ஒரு தாயின் ஓட்டத்தையே. இதனை நம் மேடைகளில் உருக்கமாகப் பேசுகின்றோம். ஆனால் அதற்குப் பின் நடந்தவற்றைப் பேசுவது குறைவு.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரி நூலில் பதிவாகியுள்ள அந்த நிகழ்ச்சியை முழுதாகப் படித்துப் பாருங்கள். ஊற்றுப் பீறிட்டதும் அன்னையார் செய்த முதற்காரியம், அந்நீரைச் சுற்றி மண்ணால் கரை கட்டியது. தாகத்தால் தவித்த நிலையிலும், வந்த நீர் வீணே மணலில் ஓடிவிடலாகாது என்ற எண்ணம்! சில காலம் சென்றபின் ஜுர்ஹும் குலத்தார் அவ்வழியே வந்தனர். நீரில்லாப் பள்ளத்தாக்கின் மேல் ஒரு பறவை வட்டமிடுவதைக் கண்டு, கீழே நீர் இருக்க வேண்டும் என்று ஊகித்துத் தேடி வந்தனர். தங்கிக்கொள்ளலாமா என்று வினவினர். அன்னையார் இசைந்தார்கள், ஆயின் நீரின் மீது அவர்கள் உரிமை கொண்டாடலாகாது என்று நிபந்தனை விதித்தார்கள். அவர்களும் ஏற்றுக்கொண்டனர்.

பருகலாம், உரிமை கோரலாகாது. தனியே நின்ற ஒரு பெண்மணி, ஒரு குலத்தாரிடம் வாய்மொழியாகச் செய்துகொண்ட இந்த நீர் உடன்பாட்டின் மேல்தான் மக்கா என்னும் நகரம் எழுந்தது.

நாற்பது குவளைகள்

இப்போது பாடநூல் கணக்கிற்கு வருவோம். பூமியில் உள்ள மொத்த நீர் ஏறத்தாழ 138 கோடி கன கிலோமீட்டர். இந்த எண்ணை மனத்தில் வாங்கிக்கொள்ள எவராலும் முடியாது. ஆகவே வீட்டில் உள்ள நாற்பது குவளைகளில் நீர் நிரப்பி வரிசையாக வைத்ததாகக் கொள்ளுங்கள். அவற்றுள் முப்பத்தொன்பது உப்பு நீர். ஒரே ஒரு குவளைதான் நன்னீர்.

அந்த ஒன்றையாவது எடுத்துப் பருகலாமா? அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் துருவங்களிலும் மலைச் சிகரங்களிலும் பனிக்கட்டியாய் உறைந்து கிடக்கின்றது. ஏறக்குறைய முப்பது விழுக்காடு நிலத்தடியில் இருக்கின்றது. ஆறுகளிலும் ஏரிகளிலும் நம் கண்ணுக்குத் தெரியும் நீர் அந்தக் குவளையில் ஆயிரத்தில் மூன்று பங்கு. அதாவது பத்துப் பன்னிரண்டு துளிகள். காவிரியும் கங்கையும் நைலும் அமேசானும் எல்லாம் சேர்ந்து அந்தப் பன்னிரண்டு துளிகளுக்குள் அடக்கம்.

துளிகள் சில என்றாலும் அவை தீர்ந்துபோவதில்லை. கடல் ஆவியாகி, மேகமாகி, மழையாகி, ஆறாகி மீண்டும் கடலை அடைகின்றது. ஓராண்டு குறைந்தாலும் மறு ஆண்டு வரும். இதனை மீளும் நீர் என்போம். நிலத்தடியில் உள்ள நீரில் ஒரு பகுதியும் இவ்வகைதான். உங்கள் வீட்டுக் கிணற்றில் ஐப்பசி, கார்த்திகையில் நீர் ஏறுவதும் சித்திரையில் இறங்குவதும் இதனால்தான்.

ஆனால் மிக ஆழத்தில், மணற்பாறை அடுக்குகளின் துளைகளில், வேறொரு வகை நீர் உண்டு. அது பெய்த காலம் வேறு. பத்தாயிரம், இருபதாயிரம், முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் அரேபியாவில் இன்றுள்ளதைவிட மிகுந்த மழை பெய்த காலங்கள் இருந்தன. அன்று பெய்த மழை இறங்கி இறங்கிப் பாறைக்குள் தங்கிவிட்டது. பின்னர் மழை பொய்த்தது. மேலே பாலை படர்ந்தது. கீழே நீர் அப்படியே கிடந்தது. இதனை எடுத்தால் எடுத்ததுதான். இன்று பெய்யும் மழை அதனை நிரப்பாது. மீளா நீர் இது. நிலக்கரியையும் பெட்ரோலையும் போலப் புதைபொருள்.

வங்கியில் மாதச் சம்பளம் விழுகின்ற கணக்கும் உண்டு. பாட்டனார் விட்டுச் சென்ற வைப்புத்தொகையும் உண்டு. இரண்டிலிருந்தும் வருவது ஒரே பணம்தான். ஒன்றைச் செலவிட்டால் அடுத்த மாதம் வரும். மற்றொன்றைச் செலவிட்டால் வாராது. குழாயில் வரும்போது இந்த வேறுபாடு தெரிவதில்லை. இதுதான் இடர்.

ஸம்ஸமையும் அளக்கின்றார்கள்

ஸம்ஸம் எவ்வகை நீர்? இக்கேள்வியைக் கேட்பதே தவறு என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். அது அல்லாஹ்வின் அருட்கொடை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அக்கிணற்றைப் பராமரிப்பவர்கள், பரக்கத் உள்ள நீர்தானே, அளப்பானேன் என்று இருந்துவிடவில்லை. சவூதி நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் கீழ் ஸம்ஸமுக்கென்றே தனி ஆய்வு மையம் இயங்குகின்றது. கிணற்றின் ஆழம் சுமார் முப்பது மீட்டர். மேலே மணலும் சரளையும், கீழே பாறை. இப்ராஹீம் பள்ளத்தாக்கில் பெய்யும் மழை வண்டல் வழியாகவும் பாறைப் பிளவுகள் வழியாகவும் வந்து சேர்கின்றது. எவ்வளவு ஊறுகின்றது, எவ்வளவு இறைக்கலாம், ஹஜ்ஜுக் காலத்தில் மட்டம் எவ்வளவு இறங்குகின்றது, எத்தனை விரைவில் ஏறுகின்றது என்பதையெல்லாம் கருவிகள் இடையறாது பதிவு செய்கின்றன. ஊறுவதற்கு மிகுதியாக இறைக்கலாகாது என்பதே அங்குள்ள விதி. இத்தனை நூற்றாண்டுகளாக அது மீண்டுகொண்டே இருக்கின்றது.

மக்காவுக்கு ஸம்ஸம் மட்டும் போதாமற் போனபோது, கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையார் தம் சொந்தப் பொருளைக் கொட்டிக் கால்வாய் அமைத்தார். அரஃபாத்தை அடுத்த நுஃமான் பள்ளத்தாக்கிலிருந்து, பம்பும் இயந்திரமும் இன்றி, நிலத்தின் சரிவை மட்டுமே நம்பி, ஏறத்தாழ 38 கிலோமீட்டர் தொலைவு நீரைக் கொணர்ந்த வேலை அது. பல முறை பழுது பார்க்கப்பட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஹாஜிகளின் தாகம் தீர்த்தது. அதுவும் மீளும் நீர்தான். பள்ளத்தாக்கில் மழை பெய்தால் வரும், பெய்யாவிட்டால் குறையும். இருபதாம் நூற்றாண்டில் அப்பள்ளத்தாக்கில் பம்புகள் இறங்கின. நீர்மட்டம் கால்வாயின் வாய்க்குக் கீழே போயிற்று. ஆயிரம் ஆண்டுகள் செய்யாததைப் பம்பு சில ஆண்டுகளில் செய்து முடித்தது.

பாலையில் விளைந்த கோதுமை

வளைகுடா விமானத்தில் சன்னலோரம் அமர்ந்து வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பழுப்பு நிற மணலின் நடுவே, கவராயத்தால் வரைந்தாற்போன்ற பச்சை வட்டங்களைப் பார்த்ததாகச் சொல்வார்கள். நடுவில் ஓர் ஆழ்துளைக் கிணறு. அதிலிருந்து நீளும் சக்கரம் பூட்டிய குழாய்க் கை கடிகார முள் போலச் சுற்றி நீர் தெளிக்கும். அந்தக் கை சுற்றும் இடமெல்லாம் வயல்.

இதன் பின்னணியை அறியாமல் பழி கூறுவது நியாயமன்று. 1973ஆம் ஆண்டு அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, பதிலுக்கு மேலை நாடுகள் உணவு ஏற்றுமதியைத் தடுத்தால் என் செய்வது என்ற அச்சம் எழுந்தது. எண்ணெயைக் குடிக்கவும் முடியாது, தின்னவும் முடியாது. எனவே 1970களின் இறுதியில் சவூதி அரசு கோதுமைப் பயிருக்கு வாரி வழங்கியது. நிலம், கடன், இயந்திரம் எல்லாவற்றுக்கும் உதவி. விளைந்த கோதுமைக்கு உலகச் சந்தையைப் போல் பல மடங்கு விலை. 1980களின் நடுவிலேயே நாட்டின் தேவைக்குப் போதுமான கோதுமை விளைந்துவிட்டது. அத்துடன் நின்றிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். நிற்கவில்லை. 1992ஆம் ஆண்டளவில் விளைச்சல் ஏறத்தாழ 40 இலட்சம் டன்னை எட்டியது. ஆறில்லாத நாடு, உலகின் முன்னணிக் கோதுமை ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாயிற்று! அன்றைக்கு அதனை வியந்து எழுதாத பத்திரிகை இல்லை. பாலை பூத்தது என்று நாமும் பெருமை கொண்டோம்.

வியப்பை விட்டுக் கணக்கைப் போடுவோம். ஒரு கிலோ கோதுமை விளைய உலகச் சராசரியாக 1,800 லிட்டர் நீர் வேண்டும் என்பது ஆய்வாளர் கணிப்பு. மற்ற நாடுகளில் அதில் பெரும்பகுதி மழையாக வந்துவிடும். இங்கு ஏறக்குறைய எல்லாமே நிலத்தடியிலிருந்து வர வேண்டும். 40 இலட்சம் டன்னுக்கு எவ்வளவு? பெருக்கிப் பாருங்கள்: 720 கோடி கனமீட்டர். நம் தெருக்களில் வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 60 கோடி லாரிகள். இது ஓராண்டுக் கோதுமைக்கு மட்டும். 1980 முதல் 1999 வரை சவூதி வேளாண்மை எடுத்த நீர் 30,000 கோடி கனமீட்டர் என்று 2004இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 1959ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி நைல் ஆற்றில் எகிப்தின் ஆண்டுப் பங்கு 5,550 கோடி கனமீட்டர். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட நைலை, நைல் இல்லாத நாடு குடித்து முடித்திருக்கின்றது. அதில் பெரும்பகுதி மீளா நீர்.

அந்த நீர் கோதுமை மூட்டையாகிக் கப்பலேறி அயல்நாடுகளுக்குச் சென்றது. டோனி ஆலன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் 1990களில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் மறைநீர் என்கின்றோம். ஒரு பண்டத்தை விற்கும் நாடு, அதை விளைவித்த நீரையும் சேர்த்தே விற்கின்றது. வாங்கும் நாடு நீரையும் வாங்குகின்றது. இவ்வுண்மையை விளக்கியதற்காக 2008இல் அவருக்கு ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு கிடைத்தது. அதே 2008ஆம் ஆண்டில், சவூதி அரசு கோதுமைக் கொள்முதலை ஆண்டுக்கு எட்டில் ஒரு பங்கு வீதம் குறைத்து 2016க்குள் நிறுத்துவதாக அறிவித்தது. சொன்னபடியே நிறுத்தியது.

தவற்றை உணர்ந்து திரும்புவது பெரிய செயல்தான். ஆனால் நீரின் கதை அவ்வளவு எளிதில் முடிவதில்லை. கோதுமையை விட்ட உழவர் பலர் கால்நடைத் தீவனமான குதிரைமசாலுக்கு மாறினர். கோதுமை குளிர்காலப் பயிர். குதிரைமசால் கோடையிலும் நின்று ஆண்டு முழுதும் நீர் கேட்பது. ஆக, நீர்ச்செலவு குறைவதற்குப் பதிலாகக் கூடிற்று. மீண்டும் ஒரு திருத்தம்: 2018–19இல் பெரும் பண்ணைகளில் பசுந்தீவனப் பயிருக்குத் தடை, சிறு உழவர்கள் அளவோடு கோதுமை பயிரிட மறுபடியும் இசைவு. பால் பண்ணைகள் தீவனத்தை வெளிநாட்டில் தேடின. அல்மராய் நிறுவனம் 2014இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஏறக்குறைய பத்தாயிரம் ஏக்கர் வாங்கிக் குதிரைமசால் விளைவித்துக் கப்பலில் கொணர்ந்தது. அரிசோனாவும் பாலைதான்! தங்கள் நிலத்தடி நீர் கடல் கடந்து போகின்றதே என்று அங்குள்ளோர் முறையிட்டனர். 2023 அக்டோபரில் அம்மாநில ஆளுநர் அரசு நிலக் குத்தகைகளில் ஒன்றை ரத்துச் செய்து, மேலும் மூன்றைப் புதுப்பிக்க மறுத்தார். தன் பாலைக்கு ஆகாது என்று விட்ட பயிர், அடுத்தவர் பாலைக்கு மட்டும் எப்படி ஆகும்?

லைலாவின் ஏரிகள்

ரியாதிலிருந்து தெற்கே சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில் லைலா என்று ஓர் ஊர் உண்டு. லைலா–மஜ்னூன் காதற்கதையை அவ்வூரோடு இணைத்துச் சொல்வோரும் உளர். அந்த வட்டாரத்தின் பெயர் அல்அஃப்லாஜ். ஃபலஜ் என்ற அரபுச் சொல்லின் பன்மை. நிலத்தடிக் கால்வாய்கள் என்று பொருள். ஊரின் பெயரிலேயே நீர் இருந்தது. அங்கே ஏரிகளும் இருந்தன. ஆழத்து நீர் ஊற்றாய் மேலெழுந்து, பாலையின் நடுவே நீலமாய்த் தேங்கி நின்ற ஏரிகள். 1918இல் அப்பகுதியில் பயணம் செய்த ஃபில்பி என்ற ஆங்கிலேயர் அவற்றைக் கண்டு வியந்து எழுதியிருக்கின்றார். அவற்றிலிருந்து கால்வாய்கள் பேரீச்சந் தோப்புகளுக்கு ஓடின.

சுற்றிலும் ஆழ்துளைப் பம்புகள் பெருகின. 1990கள் முடிவதற்குள் ஏரிகள் வற்றிவிட்டன. இன்று அங்கிருப்பவை வெறும் பள்ளங்கள்; கரையில் நீர் நின்ற மட்டத்தைக் காட்டும் வெள்ளைத் தடங்கள். கிழக்கே அல்அஹ்ஸாவிலும் தாமே பொங்கி வழிந்த புகழ்பெற்ற ஊற்றுகள் ஓய்ந்துவிட்டன. இருபத்தைந்து இலட்சம் பேரீச்ச மரங்கள் கொண்ட அத்தோப்பைப் பம்புகள் கொண்டு காக்கின்றார்கள்.

இரவுதோறும் நம் இல்லங்களில் ஓதப்படும் தபாரக்க சூரா, நீர் நிலத்துள் தாழ்ந்துபோவதைப் பற்றிய ஒரு கேள்வியோடுதான் முடிகின்றது. பொருள் தெரியாமல் ஓதுவோர் அதனை இன்றே மொழிபெயர்ப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவை பிறர் நாட்டுக் குறை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. வடமேற்கு இந்தியாவில் 2002 முதல் 2008 வரையிலான ஆறாண்டுகளில் மட்டும் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததை அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் செயற்கைக்கோள்கள் காட்டின. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்ததை உங்கள் அண்ணன்மார் கண்டிருப்பர்.

கடலைக் குடிக்கலாமே?

வகுப்பில் எப்போதும் ஒருவர் இக்கேள்வியைக் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். சவூதி அரேபியா அதைத்தான் செய்துவருகின்றது. உதுமானியர் ஆட்சியின் இறுதிக் காலத்திலேயே ஜித்தாவில் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் இயந்திரம் இருந்தது. கண்டென்ஸர் என்ற சொல் அவ்வூர் மக்கள் வாயில் நுழைந்து கிந்தாஸா ஆயிற்று. இன்று உலகில் கடல்நீரை மிகுதியாக நன்னீராக்கும் நாடு அதுவே. வளைகுடாக் கரையில் 2014இல் இயங்கத் தொடங்கிய ராஸ் அல்கைர் நிலையம் மட்டும் நாளொன்றுக்குப் பத்து இலட்சம் கனமீட்டருக்கு மேல் தர வல்லது. கடலிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டருக்கு அப்பால், 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரியாத் நகருக்கு அந்நீர் குழாய்களில் ஏறிச் செல்கின்றது. ரியாதில் வேலை பார்க்கும் உங்கள் மாமா ஒளுச் செய்யும் நீர், நேற்றைக்குக் கடலில் இருந்தது.

இறைவன் தந்த அறிவின் பயன் இது, மறுப்பதற்கில்லை. ஆனால் விலை உண்டு. சவ்வு வழியே உப்பைப் பிரிக்கும் முறையில் ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். காய்ச்சி வடிக்கும் பழைய முறைக்கு இன்னும் மிகுதி. பிரித்த உப்பு எங்கே போகும்? 2019இல் வெளியான உலகளாவிய ஓர் ஆய்வின்படி, ஒரு லிட்டர் நன்னீருக்கு ஒன்றரை லிட்டர் கடும் உப்புநீர் எஞ்சுகின்றது. பெரும்பாலும் அது கடலுக்கே திரும்பி, கரையோர உயிர்களை வாட்டுகின்றது. மாநகர்கள் குடிப்பதற்கு இந்த விலை தாங்கும். கோதுமைக்கும் நெல்லுக்கும் தாங்காது. அதனால்தான் கடலருகே இருந்தும் வயல்கள் பாறையின் நீரையே நம்பியிருந்தன. அந்நாட்டின் நீரில் பெரும்பங்கு வேளாண்மைக்கே சென்றது. உலகம் முழுவதற்கும் கணக்கிட்டாலும், எடுக்கும் நன்னீரில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு வயல்களுக்கே செல்கின்றது. நாம் நீரைக் குடிப்பதைவிடத் தின்பதே அதிகம்.

மதீனாவில் ஒரு வழக்கு

நீர் குறைந்த இடத்தில் பூசல் வரும். மதீனாவில் ஹர்ராவிலிருந்து வரும் ஒரு வாய்க்காலின் நீர் ஸுபைர் (ரலி) அவர்களின் தோட்டத்தைக் கடந்தே அன்ஸாரி ஒருவரின் தோட்டத்துக்குச் செல்லும். நீரைத் தேக்காமல் விடச் சொன்னார் அவர்; வழக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தது. பாய்ச்சிக்கொண்டு அண்டை வீட்டாருக்கு விட்டுவிடுமாறு ஸுபைரிடம் அண்ணலார் கூறினார்கள். அவர் தங்கள் அத்தை மகன் என்பதாலா இப்படி என்று மற்றவர் கேட்டுவிட்டார். அண்ணலாரின் முகம் மாறிற்று. முதலில் சொன்னது விட்டுக்கொடுக்கும் வழி; இப்போது மேல்மடைக்காரருக்கு உள்ள முழு உரிமையை வழங்கினார்கள். அந்த முழு உரிமைக்கும் ஓர் எல்லை இருந்தது. வரப்பளவு நீர் நின்றதும் மடையைத் திறந்துவிட வேண்டும். கணுக்கால் அளவு என்று அதனை அறிஞர்கள் கணக்கிட்டனர்.

மேல்மடைக்கு முதலுரிமை உண்டு, அளவற்ற உரிமை இல்லை. காவிரியின் கடைமடையில் வாழும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று உச்சநீதிமன்றம் 2018இல் அளந்து கொடுக்கும் வரை எத்தனை ஆண்டுகள் நீடித்த வழக்கு அது!

நிலத்தடி நீருக்கோ மேல்மடையும் இல்லை, கீழ்மடையும் இல்லை. சவூதியின் ஸாக் என்னும் மணற்பாறை அடுக்கு எல்லை கடந்து ஜோர்டானுக்குள் செல்கின்றது. அங்கே அதன் பெயர் திஸி. இருபுறமும் பம்புகள். ஜோர்டான் 2013 முதல் அந்நீரை 300 கிலோமீட்டருக்கு மேல் குழாயிட்டு அம்மான் நகருக்குக் கொண்டுசெல்கின்றது. 2015இல் இரு நாடுகளும் கையொப்பமிட்டன: எல்லையின் இருமருங்கும் குறித்த பகுதியில் எவரும் நீர் இறைக்கலாகாது என்று. மண்ணுக்கடியில் கண் காணாமல் கிடக்கும் நீருக்காகப் போட்ட இத்தகைய உடன்பாடுகள் உலகில் மிகச் சிலவே.

நம் வீட்டுக் கணக்கு

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் ஒளுவும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையான நீரில் குளிப்பும் செய்ததாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகின்றது. முத்து என்பது ஷாஃபிஈ கணக்கில் முக்கால் லிட்டருக்குள். ஹனஃபி கணக்கில் சற்றுக் கூடும். ஓடும் ஆற்றங்கரையிலும் வீண்செலவு கூடாது என்னும் இப்னு மாஜா அறிவிப்பின் தொடரில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. முத்து அளவைப் பற்றிய அறிவிப்பில் அது இல்லை. எனினும் ஒளுவின் சிறப்பைப் பேசும் நம் பயான்களில் இவ்வளவைக் கேட்பது அரிது.

ஒரு வாளியைக் குழாயடியில் வைத்து ஒளுச் செய்து பாருங்கள். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் விழும் குழாயை இரண்டு நிமிடம் திறந்து வைத்தால் பன்னிரண்டு லிட்டர். இருநூறு பேர் ஐவேளை வந்து செல்லும் பள்ளிவாசலில் ஒரு நாளைக்கு 12,000 லிட்டர், அதாவது ஒரு லாரித் தண்ணீர். முத்து அளவில் செய்தால் 750 லிட்டர். ஹவுளில் முகந்து ஒளுச் செய்த காலத்தில் இந்தக் கேடு இல்லை. குழாய் வசதி வேண்டாம் என்று கூறவில்லை. முழுதாகத் திறந்து விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்பதைத்தான் கூறுகின்றேன்.

ஆயினும் ஒன்றை மறைக்கக் கூடாது. குழாயை இறுக்கி மூடுவதால் மட்டும் உலகின் நீர்ப் பஞ்சம் தீர்ந்துவிடாது. எழுபது விழுக்காடு வயலில் இருக்கின்றது என்று கண்டோமல்லவா? அது நம் வீட்டுக்கு வருவது குழாய் வழியாக அன்று, அரிசி மூட்டை வழியாக. ஒரு கிலோ அரிசிக்கு உலகச் சராசரியாக 2,500 லிட்டர் நீர் செலவாகின்றது. ஒரு வலீமா விருந்தில் ஸஹன்களில் மிஞ்சிக் குப்பைக்குப் போகும் சோறு ஒரு கிலோ அரிசி அளவுதான் என்று வைத்துக்கொண்டாலும், அது இருநூறு பேர் குழாயை முழுதாகத் திறந்து வைத்துச் செய்த ஒளுவின் நீருக்குச் சமம். ஒரு கிலோ அரிசியோடு நிற்கும் வலீமாவை நான் கண்டதில்லை. ஆட்டிறைச்சியின் நீரை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அடுத்த நிக்காஹ் வீட்டுக்குச் செல்லும்போது ஒரு சிறு குறிப்பேடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை ஸஹன் விரித்தார்கள், எத்தனையில் சோறு மிஞ்சியது, அண்டாவில் எவ்வளவு எஞ்சியது என்று பரிமாறுபவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் முதலில் சிரிப்பார். பிறகு சரியான எண்ணைச் சொல்வார், ஏனெனில் அவருக்குத் தெரியும். அதனை 2,500ஆல் பெருக்கி, 12,000ஆல் வகுத்து, எத்தனை லாரி என்று மணமகனின் தந்தையாரிடம் காட்டுங்கள். சாப்பிட்ட பிறகு காட்டுவது நல்லது.